எதிராளி வீட்டு கிடார்

நியூயார்க் டால்ஸ் போயிற்று. ஹார்ட்பிரேக்கர்ஸும் போயிற்று. அந்த இரண்டு குழுக்களிலும் கிடார் வாசித்த ஜானி தண்டர்ஸ் லண்டனில் தனியாளாக நிற்கிறார். போன வாரம் அங்கேதான் விட்டோம்.

ஹார்ட்பிரேக்கர்ஸின் 'எல்.ஏ.எம்.எஃப்.' ஆல்பத்தின் ஒலி குழம்பிப்போன கோபத்தில் டிரம்மர் ஜெர்ரி நோலன் விலகிய காயம் இன்னும் ஆறவில்லை. ஹெராயினும் விடவில்லை. அந்த நேரத்தில்தான், 1978இல், ரியல் ரெக்கார்ட்ஸ் கதவைத் திறந்தது. முதல் தனி ஆல்பம். பெயர் 'ஸோ அலோன்'. தண்டர்ஸோடு சேர்ந்து தயாரித்தவர் இளைஞர் ஸ்டீவ் லில்லிவைட்.

தண்டர்ஸிடம் ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது.

செக்ஸ் பிஸ்டல்ஸின் 'நியூயார்க்' பாட்டு நினைவிருக்கிறதா? டால்ஸை வரிக்கு வரி குத்திய பாட்டு. பாடியவர் ஜானி ராட்டன். அந்தக் குழுவை வளர்த்தவரோ மால்கம் மெக்லாரன், டால்ஸின் கடைசி நாட்களில் கூடவே இருந்த அதே மனிதர். வெளியாள் திட்டியிருந்தால் தண்டர்ஸ் மறந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதில் பாட்டு தயார். 'லண்டன் பாய்ஸ்'.

கூட யார் வாசிப்பது?

கிடாருக்கு ஸ்டீவ் ஜோன்ஸ். டிரம்ஸுக்கு பால் குக்.

ஆம், பிஸ்டல்ஸின் அதே ஜோன்ஸ், அதே குக்!

தங்கள் குழுவையே சாடும் பாட்டுக்கு எப்படிச் சம்மதித்தார்கள்? பிஸ்டல்ஸ் அந்த ஜனவரியிலேயே சான் பிரான்சிஸ்கோவில் உடைந்துவிட்டது. ராட்டன் தன் வழியே போய்விட்டார். காக்க வேண்டிய கொடி எதுவும் மிச்சமில்லை. ஆனால் ஜோன்ஸுக்கு அதைவிட ஆழமான காரணம் இருந்தது. அவர் கிடார் பழகியதே டால்ஸின் இசைத்தட்டைப் போட்டுவிட்டு, அதோடு கூடவே வாசித்துத்தான். பிஸ்டல்ஸ் நாட்களில் அவர் தோளில் தொங்கிய அந்த வெள்ளை லெஸ் பால்? அது டால்ஸின் சில்வைன் சில்வைனுடையது. மெக்லாரன் நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது.

யாரைப் பார்த்துக் கற்றாரோ அவரையே கேலி செய்த பாட்டில் வாசித்தவர் ஜோன்ஸ். இப்போது தண்டர்ஸுக்குப் பக்கத்திலேயே நின்று, அவருடைய பதிலுக்குக் கை கொடுக்கிறார்.

பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கிடாரில் தயக்கமே இல்லை. பகையாளிக்கு வேண்டாவெறுப்பாக வாசித்த வாசிப்பு அல்ல அது.

கணக்கு தீர்ந்தது. ஆனால் ஆல்பம் முடியவில்லை.

'டாடி ரோலிங் ஸ்டோன்' பாக்கி இருக்கிறது. அதில் தண்டர்ஸோடு மாறி மாறிப் பாட வருகிறவர்கள் தின் லிஸியின் பில் லினாட், ஸ்மால் ஃபேஸஸின் ஸ்டீவ் மேரியட். ஒருவர் அயர்லாந்தின் ராக் நாயகன். இன்னொருவர் இங்கிலாந்தின் ஆகப் பெரிய தொண்டைகளில் ஒன்று.

கரகரத்த, மெலிந்த குரல்காரரான தண்டர்ஸ், தன் சொந்த ஆல்பத்திலேயே அவர்களுக்கு நடுவில் தாக்குப்பிடிப்பாரா?

(அடுத்த வாரம்)