லூத்தர் கண்ட சோதனையும் திருமறையின் துணையும்

விசுவாசத்தில் வேரூன்றியவனுக்குச் சந்தேகம் எழாது என்னும் கருத்து நம் சபைகளில் பரவலாக நிலவுகிறது. ஆயருக்கு அது எழவே கூடாது என்பது அதனினும் உறுதியாக நம்பப்படுகிறது. இதனால் அருள்பணியாளர் பலர் தம் உள்ளப் போராட்டத்தை எவரிடமும் சொல்லாது மறைத்து, தனிமையில் அதற்கு இரையாகின்றனர். திருச்சபை வரலாறோ வேறு பாடத்தைக் கற்பிக்கிறது. சமயச் சீர்திருத்தத்தின் முன்னோடியாகிய மார்ட்டின் லூத்தர் (1483–1546) விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதலை உலகறியப் போதித்த பின்னரும் சந்தேகத்தோடும் சோதனையோடும் போராடினார். அவர் அவற்றை எவ்விதம் எதிர்த்து நின்றார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லூத்தர் தம் போராட்டத்தைக் குறிக்க ‘அன்ஃபெக்டுங்’ என்னும் ஜெர்மானியச் சொல்லை ஆண்டார். தாக்குதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். தீய இச்சையின் தூண்டுதல் மட்டுமன்று. கடவுள் என்னைக் கைவிட்டாரோ, என் பாவம் மன்னிக்கப்படவில்லையோ, என் போதனை பொய்யோ என மனச்சாட்சியைக் கலக்கும் யாவும் அச்சொல்லில் அடங்கும். புதிய ஏற்பாட்டில் வரும் ‘பெய்ராஸ்மோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் பாவத்துக்கு இழுக்கப்படுதலையும் விசுவாசம் பரீட்சிக்கப்படுதலையும் ஒருங்கே உணர்த்துகிறது. தமிழ்த் திருமறையில் வழங்கும் ‘சோதனை’ என்னும் சொல் அவ்விரு பொருளையும் தாங்கி நிற்பது நாம் கருதத்தக்கது.

1505ஆம் ஆண்டு ஜூலையில் எர்ஃபுர்ட் நகரின் அகுஸ்தீன் துறவியர் மடத்தில் லூத்தர் சேர்ந்தார். உபவாசத்தாலும் கண்விழிப்பாலும் இடைவிடாப் பாவ அறிக்கையாலும் மன அமைதியைத் தேடினார். அறிக்கை செய்து எழுந்தவுடன் மறந்துபோன வேறொரு பாவம் நினைவுக்கு வரும். தம் மனஸ்தாபம் போதுமானதா என்ற ஐயம் மீண்டும் தலைதூக்கும். அவருடைய மேலதிகாரியும் ஆன்மீக வழிகாட்டியுமாகிய ஸ்டாவ்பிட்ஸ், உன்னுள்ளே நோக்குவதை விடுத்துக் கிறிஸ்துவின் காயங்களை நோக்கு என்னும் பொருள்பட அறிவுரை கூறினார். அதனோடு அமையாது, தாம் வகித்த விட்டன்பெர்க் பல்கலைக்கழகத் திருமறைப் பேராசிரியர் பதவியை 1512இல் லூத்தரிடம் ஒப்புவித்தார். ஐயத்தால் வாடிய ஒருவரைத் திருமறையினின்று விலக்காமல், அதைக் கற்பிக்கும் பணியிலேயே அவர் அமர்த்தியது ஆழ்ந்த ஞானமாகும். 1513 முதல் சங்கீதங்களையும் 1515 முதல் ரோமர் நிருபத்தையும் விரிவுரைத்த லூத்தர், தேவநீதி என்பது பாவியைத் தண்டிக்கும் நீதியன்று, விசுவாசிக்கிறவனுக்கு ஈவாக அளிக்கப்படும் நீதி என்று கண்டறிந்தார்.

எனினும் இக்கண்டுபிடிப்பு சோதனைக்கு முற்றுப்புள்ளி வைக்கவில்லை. 1521இல் வோர்ம்ஸ் பேரவையின் முன் உறுதியுடன் நின்ற அவரே, சில திங்களுக்குப் பின் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்தபோது, நீ ஒருவன் மட்டும் அறிவாளியா, இத்தனை நூற்றாண்டினரும் தவறினரா என்ற கேள்வி தம் உள்ளத்தை நடுங்கவைத்ததாக எழுதினார். அங்கே பிசாசின்மேல் மைக்கூட்டை எறிந்தார் என்பது கர்ணபரம்பரைக் கதை. அவர் தம் மையை எதற்குச் செலவிட்டார் என்பதோ வரலாறு. ஏறத்தாழ பதினொரு வாரங்களில் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து மொழிபெயர்த்தார். 1522 செப்டம்பரில் அது அச்சேறியது.

அவருடைய மிகக் கொடிய சோதனை 1527இல் வந்தது. ஜூலை 6ஆம் நாள் உடல் தளர்ந்து மரணத் தறுவாயை எட்டினார். அடுத்த மாதம் கொள்ளைநோய் பரவவே, பல்கலைக்கழகம் யேனா நகருக்கு இடம்பெயர்ந்தது. லூத்தர் நோயுற்றோரைப் பராமரிக்க விட்டன்பெர்கிலேயே தங்கினார்; அவர் இல்லமே மருத்துவமனையாயிற்று. கிறிஸ்துவையே இழந்துவிடும் நிலைக்குத் தாம் வந்ததாகவும், பரிசுத்தவான்களின் ஜெபத்தால் தேவன் இரங்கியதாகவும் மெலாங்தனுக்கு எழுதினார். பிறரைத் தேற்றும் இந்த ஆசிரியர், நகர ஆயர் பூகன்ஹாகனிடம் தாமே பாவ அறிக்கை செய்து ஆறுதல் பெற்றார். பின்னர் 1530இல், மனச்சோர்வுற்ற ஹிரோனிமஸ் வெல்லர் என்பவருக்குத் தனிமையை விட்டு ஓடும்படி கடிதம் எழுதினார். 1536இல் வரைந்த ஸ்மால்கால்டு விதிகளில், சகோதரர் ஒருவரையொருவர் தேற்றும் உரையாடலையும் நற்செய்தி நம்மை வந்தடையும் வழிகளுள் ஒன்றாக வைத்தார்.

1539இல் தம் ஜெர்மானிய நூல்தொகுதிக்கு எழுதிய முன்னுரையில், 119ஆம் சங்கீதத்தை ஆதாரமாகக் கொண்டு, ஜெபம், தியானம், சோதனை ஆகிய மூன்றுமே இறையியலாளனை உருவாக்குகின்றன என்றார். வேதவசனம் எத்துணை மெய்யானது, வல்லது, இனியது என்பதைச் சோதனையே அனுபவத்தில் உணர்த்தும் என்பது அவர் துணிபு. ஆகவே சோதனை அருள்பணிக்குத் தகுதியின்மையின் அடையாளமன்று. அது திருமறையிடம் நம்மை விரட்டும் ஆசான்.

ஆயினும் வசனத்தை உதட்டால் உரைப்பதே அரணாகாது. வனாந்தரத்தில் நம் ஆண்டவர் உபாகமத்தைக் கொண்டு மும்முறை பதிலளித்தார். சோதனைக்காரனும் 91ஆம் சங்கீதத்தைக் கையாண்டான் என்பதை நாம் மறக்கலாகாது. லூத்தரே இதற்கு வருந்தத்தக்க சான்று. 1543இல் யூதருக்கெதிராக அவர் எழுதிய கொடிய நூலில் திருமறையைப் பகைமைக்குக் கருவியாக்கினார். லூத்தரன் திருச்சபைகள் பிற்காலத்தில் அதை வெளிப்படையாக மறுதலித்தன. சந்தேகத்தை எதிர்த்து வென்றவர் வெறுப்பென்னும் சோதனையில் வீழ்ந்தார். எதிராளியைத் தாக்க நாம் ஏந்தும் வசனம் முதலில் நம்மையே நியாயந்தீர்க்க இடங்கொடுக்க வேண்டும்.

லூத்தரின் வாழ்விலிருந்து நாம் பெறும் படிப்பினை இதுவே: விசுவாசத்தின் உறுதி விசுவாசியின் உள்ளத்தில் இல்லை, அவனுக்குப் புறம்பே நின்று அவனிடம் வரும் வார்த்தையில் உள்ளது. ஆகையால்தான் 1529இல் வெளியிட்ட பெரிய ஞானோபதேசத்தில், மனச்சாட்சி குற்றஞ்சாட்டும் வேளையில் தன் உணர்வைப் பாராது, தான் பெற்ற ஞானஸ்நானத்தைப் பற்றிக்கொள்ளும்படி போதித்தார். அவ்வார்த்தையை நமக்கு நாமே கூறிக்கொள்ளல் அரிது. மற்றொருவர் வாயினின்று கேட்டல் வேண்டும். அருளுரை ஆயத்தத்திற்காக மட்டுமே திருமறையைத் திறக்கும் ஆயர், தம் ஆன்மாவின் பசிக்காகவும் அதைத் திறப்பாராக. தம் கலக்கத்தை நம்பிக்கைக்குரிய ஓர் உடன் ஊழியரிடம் சொல்லத் தயங்காதிருப்பாராக. அவ்வாறு தேற்றப்பட்டவரே, மந்தையில் ஐயுற்று வாடும் ஆட்டைக் கடிந்து விரட்டாமல் தோள்மேல் சுமந்து வருவார்.