பாலாஜியின் மூன்று பந்துகள்



2008. முதல் ஐ.பி.எல். சீசன். ஆட்டம் வந்தால் அம்பத்தூர் வீட்டில் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பேன். வீட்டம்மா திட்டுவார்.

சென்னை அணியில் நம்ம லட்சுமிபதி பாலாஜி இருந்தார். 2004-இல் பாகிஸ்தான் மண்ணில் இந்தியா முதன்முதலாக டெஸ்ட் தொடரை வென்றபோது, ராவல்பிண்டியில் 7 விக்கெட் எடுத்தவர். பிறகு முதுகில் எலும்பு முறிவு. இந்திய அணியிலிருந்து காணாமல் போனார். "அவ்வளவுதான், இனி எழுந்திருக்க மாட்டார்" என்று ஆசிரியர் அறையில் சொன்னவன் நான்.

மே 10, சேப்பாக்கம், பஞ்சாபுடன் ஆட்டம். கடைசி ஓவரில் இர்ஃபான் பதான், பியூஷ் சாவ்லா, வி.ஆர்.வி. சிங் என அடுத்தடுத்த பந்துகளில் மூவர் அவுட். ஐ.பி.எல். வரலாற்றில் முதல் ஹாட்ரிக்! 24 ரன்னுக்கு 5 விக்கெட்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வருடம் கணக்கில் தவறிய ஒரு பையனிடமும் "உனக்கு அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தேன்.

காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருமுல்லைவாயலில் அவன் வீட்டுக்குப் போனேன். "மறுபடி எழுதுடா, நான் சொல்லித் தரேன்" என்றேன். எழுதினான். பாஸ் செய்தான்.

தம்பி, நீ இதைப் படிக்கிறாயா? அன்று நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.