பிரீமேசன்: பழைய ஏடுகள் சொல்லும் கதை

எங்கள் ஊர்களில் வீடு கட்டுபவரை மேசன் என்றே அழைக்கிறோம். பிரீமேசன் என்ற பெயரிலும் அதே சொல்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவில் வருவது, உலகை இரகசியமாக ஆளும் கூட்டம் பற்றிய கதைகளே. அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, இங்கிலாந்தின் கல்தச்சர்களைப் பற்றிய பழைய எழுத்துகளை இங்கு பார்க்க விரும்புகிறேன்.

இவற்றுள் மிகப் பழையது ரீஜியஸ் கையெழுத்துப் பிரதி. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அல்லது 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்ட இது, 794 அடிகள் கொண்ட ஆங்கிலச் செய்யுள். ஒழுக்கக் கடமைகள் பற்றிய பாடல் என்றே நீண்டகாலம் பட்டியலில் இருந்த இதை, கல்தச்சர்களுக்குரியது என இனங்கண்டு 1840இல் ஜேம்ஸ் ஹாலிவெல் பதிப்பித்தார்.

இதில் நான் கண்டது சதித்திட்டம் அல்ல, வேலைத்தல விதிகள். உணவுப் பொருட்களின் விலைக்கேற்ப வேலையாட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். தொழில் பழக வருபவர் ஏழு ஆண்டுகள் இருக்க வேண்டும். பண்ணையடிமையைச் சேர்க்கக்கூடாது, அவனது எசமான் தேடி வந்து பிடித்துச் செல்லக்கூடும். இன்னொருவரின் வேலையைத் தட்டிப் பறிக்கக்கூடாது. வேலைத்தலத்தில் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பதும் இவ்விதிகளில் ஒன்று.

கூலி பற்றிய விதி சாதாரணமானதல்ல. 1348இல் இங்கிலாந்தைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பின் வேலையாட்கள் அருகிப்போனார்கள். கூலி உயராமல் தடுக்க 1351இல் சட்டம் வந்தது. 1425இல் கல்தச்சர்கள் ஆண்டுதோறும் கூடுவதையே இன்னொரு சட்டம் தடைசெய்தது.

கணிதமேதை யூக்ளிட் எகிப்தில் இத்தொழிலைத் தொடக்கிவைத்தார் என்றும் அந்தச் செய்யுள் கூறுகிறது. அது வரலாறு அல்ல, தொழிலுக்குப் பெருமை தேடும் புராணம்.

அப்படியானால் தொழிலாளர் அமைப்பு கனவான்களின் கழகமானது எப்படி? ஸ்கொட்லாந்து மன்னரின் கட்டட வேலைகளுக்குப் பொறுப்பாயிருந்த வில்லியம் ஷோ, 1598இல் கல்தச்சர்களின் லொட்ஜுகளுக்கு விதிகள் வகுத்தார். லொட்ஜ் என்பது தொடக்கத்தில் வேலைத்தலத்துக் கொட்டிலையே குறித்தது. கல்தச்சர் அல்லாதவர்களும் பின்னர் சேர்ந்தனர். பழம்பொருள் ஆய்வாளரான இலையஸ் ஆஷ்மோல், 1646இல் வாரிங்டனில் தாம் மேசனாக்கப்பட்டதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். லண்டனில் 1717இல் பெரும் லொட்ஜ் அமைக்கப்பட்டது என்பது மரபு. 1723இல் ஜேம்ஸ் அண்டர்சன் அதன் யாப்பை வெளியிட்டபோது, பழைய ஏடுகளின் புராணமும் அதில் இடம்பிடித்தது.

கல்தச்சர் அமைப்பே நேரடியாகப் பிரீமேசன் இயக்கமாக வளர்ந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மூலைமட்டமும் கவராயமும் இன்றும் அதன் சின்னங்கள். அவற்றைக் கையில் பிடித்து உழைத்தவர்கள் நியாயமான கூலி பற்றிக் கவலைப்பட்டார்கள் என்பதையே அந்த ஏடு எனக்குச் சொல்கிறது.