ஆத்தங்கரையில் ராத்தங்கல்

பெங்களூர்ல இருக்கிற நண்பர் ஒருத்தர் போன வாரம் கூப்பிட்டார். பழைய வேன் ஒண்ணை வாங்கி, பின்சீட்டையெல்லாம் கழட்டிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணி டாங்க் எல்லாம் வச்சு வீடு மாதிரி ஆக்கியிருக்காராம். கூடவே ரெண்டு டெண்ட். மனைவி, பிள்ளைகள், மாமனார், மாமியார் சகிதம் நம்ம ஊருக்கு வர்றார். "ஆத்தோரமா நல்ல இடமா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க, மணல்லயே டெண்ட் அடிக்கணும்"னார்.

மணல்னு கேட்டதும் எனக்கு எங்க ஆச்சி ஞாபகம் வந்துட்டுது. அதுக்குப் பிறகு வர்றேன்.

ஆத்தோரமா தங்க இடம் பார்க்கிறது ஏதோ வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த பொழுதுபோக்குன்னு நினைக்கிறவங்க முல்லைப்பாட்டைப் புரட்டிப் பாருங்க. 103 அடிதான். அதுல வர்ற ராஜாவோட பாசறை ஒரு காட்டாத்தை ஒட்டித்தான் இருக்கு. புதரை வெட்டி, முள்வேலி போட்டு, தழை வேய்ந்த கூரைகளைத் தெருத்தெருவா அமைச்சு... டெண்ட் அடிக்கிறவன் இன்னிக்கும் செய்ற அதே வேலை.

அது பாட்டு. இன்னிக்கும் நடக்கிற ஒண்ணு நம்ம மாவட்டத்துலயே இருக்கு. வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னாடி பத்மநாபபுரத்துல இருந்து திருவனந்தபுரத்துக்குப் போற சாமி ஊர்வலம்.

திருவிதாங்கூரின் தலைநகரம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பத்மநாபபுரத்தை விட்டு திருவனந்தபுரம் போயாச்சு. சுவாதித் திருநாள் (ஆட்சி 1829–1846) காலத்துல இருந்து நவராத்திரி விழாவும் அங்கே போச்சுன்னு சொல்வாங்க. சாமிகள் மட்டும் இங்கேயே. அதனால வருஷத்துக்கு ஒருமுறை பயணம். தேவாரக்கட்டு சரஸ்வதி யானை மேலே, வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்குல. முன்னால ராஜாவோட உடைவாள். 1956-ல மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்த பிறகும் இது நிக்கல. களியக்காவிளையில மாநில எல்லையைத் தாண்டித்தான் போகுது.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் வேற. ராத்தங்கல் எங்கெங்கேன்னு பாருங்க. முதல் ராத்திரி குழித்துறை மகாதேவர் கோயில், அது தாமிரபரணிக் கரை (திருநெல்வேலித் தாமிரபரணி இல்லை, நம்ம கோதையாறுதான் கீழே வந்து இந்தப் பேரை வாங்கிக்குது). ரெண்டாம் ராத்திரி நெய்யாற்றின்கரை, ஊர் பேர்லயே ஆறு இருக்கு. மூணாம் நாள் கரமனை ஆத்தைத் தாண்டி ஊருக்குள்ள. ஒரு நாளைக்கு பதினஞ்சு, இருபது கிலோமீட்டர். யானையும் பல்லக்குத் தூக்கிகளும் அலுங்காம நடக்கக்கூடிய தூரம் அவ்வளவுதான். நடை முடியற இடத்துல யானை குளிக்க வெள்ளம் வேணும், அத்தனை பேருக்குச் சமைக்க இடம் வேணும். ரெண்டும் ஆத்தங்கரைக் கோயில்ல கிடைக்கும். ஆனா கவனிங்க: சாமி இறங்குறது ஆத்துக்குள்ள இல்லை. மேட்டுக்கரையில, கல் கட்டடத்துக்குள்ள. புரட்டாசி, ஐப்பசி சமயம் வேற. தென்மேற்குப் பருவம் முடிஞ்சு வடகிழக்கு தொடங்குற இடைவெளி. எந்த நேரமும் மலையில மழை பெய்யலாம்.

ராஜாவுக்கு யானை. சனங்களுக்கு மாட்டு வண்டி. சுசீந்திரம் மார்கழித் தேருக்கு கூண்டு வண்டியில குடும்பத்தோட போய் பழையாத்துக் கரையில அவுத்துப் போட்டு ரெண்டு நாள் தங்கிட்டு வர்ற வழக்கம் எங்க ஆச்சி சின்னப் பிள்ளையா இருக்கும்போது உண்டு. வண்டியை அவுக்க மண் இறுகலா இருக்கணும், இல்லேன்னா சக்கரம் புதையும். மாடு தண்ணி குடிக்க சரிவு வேணும். தாங்குகட்டை கொடுத்து வண்டியைச் சமமா நிறுத்தினா பொம்பளையும் பிள்ளையளும் கூண்டுக்குள்ள. ஆம்பளையள் வண்டிக்கு அடியில வைக்கோலைப் போட்டு, அதுக்கு மேலே ஒரு பாய். நண்பரோட வேன்ல இல்லாதது ஒண்ணும் அதுல இல்லை, பெட்ரோல் செலவைத் தவிர :-)

இதைக் கேட்டுட்டு "ஆகா, அந்தக் காலம்!"னு நானும் ஒருதடவை ஆச்சிகிட்டச் சொன்னேன். ஆச்சி சிரிக்கல.

"ஆசப்பட்டா லே அங்க கெடந்தோம்? கோயில் தெருவுல எங்களக் கால் வைக்க விட்டானா?"

அப்புறம்தான் படிச்சுப் பாத்தேன். சமஸ்தானத்து ஊட்டுப்புரைகள்ல இலவசச் சாப்பாடு பிராமணர்களுக்கு. சுசீந்திரம் கோயிலைச் சுத்தின தெருக்கள்ல ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்க நடக்கவே கூடாது. அந்தத் தெருவுல நடக்கிற உரிமைக்காகத்தான் 1926-ல சுசீந்திரம் சத்தியாகிரகம். கோட்டாறு டாக்டர் எம்.இ. நாயுடு முன்னால நின்னார். 1936 நவம்பர் 12-ல ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் கோயில் கதவு திறந்தது. அதுக்கு முன்னாடி தேர் பாக்க வந்தவங்க தூரத்துல நின்னு வடத்தோட சத்தத்தைக் கேட்டுட்டு, ராத்திரி ஆத்தோரத்துல படுத்திருக்காங்க. மேட்டுல மண்டபம் ஒருத்தருக்கு, பள்ளத்துல மணல் இன்னொருத்தருக்கு.

ஆச்சிக்கு ஆத்தைப் படிக்கத் தெரிஞ்சது அப்படித்தான்னு நினைக்கிறேன். மண்டபத்துல படுத்தவனுக்கு அந்தப் பாடம் தேவைப்படல. கரையிலுள்ள மரக்கொம்பைப் பாருன்னு சொல்லும். செத்தையும் வைக்கோலும் எந்த உயரத்துல சிக்கித் தொங்குதோ அதுவரைக்கும் போன வெள்ளம் வந்திருக்கு, அதுக்கு மேலே படு. எறும்பு முட்டையைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறினா நீயும் ஏறு. கலங்கல் வந்தா, சருகு மிதந்து வந்தா, சோத்துப்பானையை விட்டுட்டு பிள்ளையைத் தூக்கு.

1991 ஐப்பசியில நாங்க காலேஜ் பயலுக அஞ்சு பேர் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்துல போய்த் தங்கினோம். கோதையாறும் பரளியாறும் சேர்ற இடம். நடுவுல அருமையான மணல் திட்டு. தார்ப்பாயைக் கட்டி, அடுப்பு மூட்டி, மீன் குழம்பு வச்சாச்சு. வானம் சுத்தமா இருந்தது, நட்சத்திரம் தெரிஞ்சது. எருமை குளிப்பாட்டிட்டுப் போன பெரியவர் ஒருத்தர், "பிள்ளையளே, இங்கயா கெடக்கப் போறிய? மழ மேலதான் பெய்யும், வெள்ளம் இங்கல்லா வரும்"னார். சரி பாட்டான்னு சொல்லிட்டு நாங்க சீட்டாட ஆரம்பிச்சோம்.

பதினோரு மணி இருக்கும். கால் கழுவப் போனவன் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "என்னலே தண்ணி செவப்பா இருக்கு"ன்னான். எனக்குச் சட்டுனு ஆச்சி குரல் கேட்டுது. பானையை விட்டுட்டு ஓடினோம், நெசமாவே. முழங்கால் தண்ணியில இறங்கித்தான் கரையேறினோம், கடைசியா வந்தவனுக்கு இடுப்பு வரைக்கும். விடியும்போது திட்டு இல்லை. மறுவருஷம் 1992 நவம்பர்ல திருநெல்வேலி, கன்னியாகுமரி ரெண்டு மாவட்டத்துலயும் பெருவெள்ளம் வந்ததே, அதுக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்லை. ஆனா அஞ்சு பேருக்கு அதுவே போதுமா இருந்தது.

காரணம் லேசானது. நம்ம மாவட்டத்துல மலைக்கும் கடலுக்கும் தூரம் ரொம்பக் கம்மி, சரிவு ஜாஸ்தி. மேலே பெஞ்சது கீழே வர நாள் கணக்காகாது. இதுல 1906-ல கட்டி முடிச்ச பேச்சிப்பாறை (48 அடி), பரளியாத்துல பெருஞ்சாணி (77 அடி) ரெண்டு அணையும் வேற. அணை நெறஞ்சா உபரித் தண்ணி தெறப்பாங்க. ஆச்சி சொன்ன எறும்புக்கு ஷட்டர் தெறக்கிறது தெரியாது.

நண்பருக்கு என்ன சொன்னேன்னா: பேச்சிப்பாறைக்கு மேலே ஆசைப்படாதீங்க, காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாம ராத்தங்க முடியாது. திருவட்டாறு பக்கம் கரைமேட்டுல ரப்பர் தோட்டம் வச்சிருக்கிற தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார், கேட்டு வைக்கிறேன். வேனை வண்டி முகம் ரோட்டைப் பாத்து நிறுத்துங்க. ஆத்துல பகல்ல குளிங்க, சாயங்காலம் மேல வந்திருங்க. வர்ற அன்னைக்குக் காலையில அணை மட்டம் பேப்பர்ல பாத்துக்கிடுங்க.

"மணல்ல ஒரு ராத்திரியாவது..."ன்னு இழுத்தார்.

மாமனார்கிட்ட போனைக் கொடுங்கன்னேன். அவருக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. ரெண்டு நிமிஷத்துல பேச்சு முடிஞ்சுட்டுது.