வாடைக் காலத்து ஓய்வு: கொக்கிளாயில் படகு எஞ்சின் பேணலின் வரலாறு

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், 1951இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட களப்புக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே அமைந்த கொக்கிளாயில், தொழிற்காலத்தை வகுத்துத் தருவது காற்றே ஆகும். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் இலங்கையின் மேற்குக் கரை கொந்தளிக்க, கிழக்குக் கரை தொழிலுக்கு இடங்கொடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை எனப்படும் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. நீர்கொழும்பு, சிலாபம் முதலிய ஊர்களிலிருந்து வந்து, வாடி எனப்படும் தற்காலிகக் குடில்களில் தங்கிய பருவகாலத் தொழிலாளர் வாடைக்கு முன் ஊர் திரும்பியதும், உள்ளூரார் படகைக் கரையேற்றிவிட்டுக் களப்புத் தொழிலுக்கு மாறியதும் இம்மாற்றத்தின் விளைவுகளே.

கடலுக்குப் போகாத அந்த மாதங்கள் வெறும் ஓய்வாக இருந்ததில்லை. பருத்தியாலும் சணலாலும் வலை பின்னிய காலத்தில், நூல் உக்காதிருக்கப் பனிச்சங்காயின் துவர்ச்சாற்றில் வலையைத் தோய்த்து உலர்த்துவதும், வள்ளத்தின் மரப்பலகைக்குச் சுறா எண்ணெய் பூசுவதும் ஈழத்துக் கரையோரங்களில் அறியப்பட்ட பேணல் முறைகளாகும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நைலோன் வலையும் கண்ணாடியிழைப் படகும் பரவியபோது இவ்வேலைகள் பெரும்பாலும் தேவையற்றுப் போயின; அவை பெற்றிருந்த கவனம் முழுவதையும் புதிதாக வந்த எஞ்சின் தனதாக்கிக்கொண்டது.

படகின் பின்பலகையில் வெளிப்புறமாகப் பூட்டிக் கழற்றக்கூடியதாகையால் வெளியிணைப்பு இயந்திரம் எனப்படும் இக்கருவியை, 1909 அளவில் அமெரிக்காவில் ஓலே எவின்ருட் வணிகப் பொருளாக்கினார். இலங்கையில் 1950களில், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் துணையோடு மீன்பிடிக்கலங்களை இயந்திரமயமாக்கும் முயற்சிகள் தொடங்கின. பின்னர் யமஹா, சுசுகி முதலிய யப்பானிய எஞ்சின்கள் கரையெங்கும் பரவின. விலை குறைந்த மண்ணெண்ணெயில் ஓடும் வகையே சிறுதொழிலாளருக்குக் கட்டுப்படியாயிற்று. பெற்றோலில் இயக்கிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலில் சிறிது ஓடவிடுவதும் அவ்வகையின் அன்றாட ஒழுங்காகும்.

குளிர்நாடுகளில் எஞ்சினுக்குள் தேங்கிய நீர் உறைந்து விரிந்து உலோகத்தை வெடிக்கச் செய்யும் என்பதால் மாரிக்கு முன் அதனைப் பக்குவப்படுத்துகின்றனர். நீர் உறையாத கொக்கிளாயில் எதிரி உப்பு. கடல்நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்விக்கும் எஞ்சினின் உள்வழிகளில் படியும் உப்பு அலுமினியத்தை அரிப்பதால், நன்னீர் நிரப்பிய பீப்பாவில் எஞ்சினின் காலை அமிழ்த்தி ஓடவிட்டு அதனைக் கழுவுதல் முதல் வேலையாகும். அடுத்து, எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரில் எண்ணெய் தேங்கிப் பிசினாகாதவாறு வடிக்கப்படுகிறது. பிறகு பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சிறிது ஒயிலை விட்டு, இழுகயிற்றை மெதுவாக இழுத்தால் சிலிண்டரின் உட்சுவரில் ஒயில் படர்ந்து துருவைத் தடுக்கும். கியர் ஒயிலை வடிக்கும்போது அது பால்நிறமாக இருந்தால் முத்திரை வளையம் தேய்ந்து நீர் புகுந்துவிட்டது என்று பொருள். சுழல்விசிறியின் தண்டில் சுற்றிய தங்கூசி நூலே பெரும்பாலும் அவ்வளையத்தை அறுக்கிறது. இறுதியாக, மிஞ்சிய நீர் வடியுமாறு எஞ்சினை நிமிர்த்திய நிலையில் நிறுத்த வேண்டும். தலைப்பகுதி தாழ்ந்தால் புகைவழியில் உள்ள நீர் சிலிண்டருக்குள் இறங்கக்கூடும்.

மீண்டும் கடலுக்குப் போவோம் என்ற நம்பிக்கையே இத்தனை உழைப்புக்கும் அடிப்படை. அந்நம்பிக்கை முறிந்ததும் ஒரு வாடைக் காலத்தில்தான்: உள்நாட்டுப் போரின்போது, 1984 டிசம்பரின் வன்முறையில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஊரைவிட்டு அகற்றப்பட்டனர். வன்னியின் பிற கரைகளில் தொழில் தொடர்ந்தோரையும் கடற்றடைகளும், எஞ்சினின் குதிரைவலுவுக்கு விதிக்கப்பட்ட வரம்புகளும், 1990களின் எரிபொருள் தடையும் முடக்கின. ஒரு பருவத்துக்கென வகுக்கப்பட்ட ஓய்வு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2002இன் போர்நிறுத்தத்தால் ஓரளவு மீண்ட முல்லைத்தீவுக் கரையை 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அழித்தபோது, கரையில் நின்ற படகுகளும் எஞ்சின்களும் மனிதரோடு சேர்ந்தே அள்ளுண்டன.

2009இல் போர் முடிந்த பின்னரே கொக்கிளாய் மக்கள் மீளக்குடியேற வழி பிறந்தது. 2020 டிசம்பரில் புரேவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியமை, வாடைக்குமுன் படகையும் எஞ்சினையும் மேட்டுக்கு ஏற்றிவிடும் பழைய ஒழுங்கின் தேவையை உறுதிப்படுத்தியது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததன்பின், புதிய எஞ்சினுக்குப் பணம் சேர்ப்பது மேலும் கடினமாகியிருப்பதால், இருப்பதைப் பேணும் இவ்வறிவு குடும்பத்தின் பிழைப்போடு நேரடியாகப் பிணைந்துள்ளது. மீன்பிடி வரலாறு பிடிபட்ட மீனின் அளவைக் கொண்டே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. கடலுக்குப் போகாத மாதங்களின் உழைப்பும் அவ்வரலாற்றில் சேர்க்கப்பட்டால்தான், இழப்புகளுக்குப் பின்னும் இக்கரையில் தொழில் எவ்வாறு மீண்டெழுந்தது என்பது முழுமையாக விளங்கும்.