ஹரி விநாயக் படாஸ்கர்

ஹரி விநாயக் படாஸ்கர் (1892–1970) விடுதலைப் போராட்டக் காலத்து வழக்கறிஞர், அரசியல்வாதி, மத்தியப் பிரதேச ஆளுநர். திருத்தணியைத் தமிழகத்துக்கு மீட்டுத் தந்த எல்லைத் தீர்ப்பால் தமிழக வரலாற்றில் இடம்பெற்றவர்.

புனே மாவட்டத்து இந்தாப்பூரில் பிறந்தார். சட்டம் படித்து, சாளீஸ்காவில் வழக்கறிஞர் தொழில் நடத்தினார். காங்கிரஸில் சேர்ந்து, அரசியல் நிர்ணய சபையிலும், 1952 முதல் ஜல்காவ் தொகுதி உறுப்பினராக மக்களவையிலும் இருந்தார். சட்ட அமைச்சகத்தில் அமைச்சராக இருந்தபோது, பெண்களுக்குச் சொத்தில் பங்கு தந்த 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை மக்களவையில் முன்னின்று நிறைவேற்றினார்.

திருத்தணி 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. முருகனின் ஐந்தாம் படைவீடான இம்மலைக்கு ஆடிக் கிருத்திகைக் காவடிகள் தமிழ் மாவட்டங்களிலிருந்தே திரளாக வந்தன. ஆயினும் 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, மாவட்டம் முழுவதும் ஆந்திராவுக்குப் போயிற்று. மாவட்டத்தைப் பிரிக்காமல் அப்படியே ஒப்படைத்ததுதான் எல்லைச் சிக்கலுக்கு வேர். தமிழ்ப் பகுதிகளை மீட்கத் தமிழறிஞர் மங்கலங்கிழார் முன்பே தொடங்கிவைத்த வடக்கெல்லைக் கிளர்ச்சியை ம.பொ.சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் வளர்த்தது; திருத்தணியில் கே. விநாயகம் முன்னணியில் நின்றார்.

இச்சிக்கலைத் தீர்க்க, சென்னை, ஆந்திர அரசுகள் இரண்டும் ஏற்ற நடுவராகப் படாஸ்கர் வந்தார். மாவட்டத்தையோ தாலுகாவையோ அளவாகக் கொள்ளாமல் கிராமத்தை அலகாகக் கொண்டார். அதில் எம்மொழி பேசுவோர் மிகுதி, அது அம்மொழி மாநிலத்தோடு நிலத்தால் தொடர்ந்து கிடக்கிறதா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். தமிழூருக்கு அடுத்து தெலுங்கூர், அதற்கடுத்து மறுபடி தமிழூர் என்று மாறிமாறி வரும் இந்நிலப்பகுதிக்கு வேறெந்த அளவுகோலும் பொருந்தியிராது. முடிவை 1957இல் அளித்தார். அதன் அடிப்படையில் 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது; பள்ளிப்பட்டுப் பகுதியும் உடன் வந்தது. ஈடாகச் செங்கல்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குச் சென்றது. திருப்பதி ஆந்திராவிலேயே தங்கிவிட்டது. பள்ளிப்பட்டு வட்டாரத்துத் தெலுங்கு பேசும் மக்களுக்கு இம்மாற்றம் உவப்பாக இல்லை என்றாலும், தீர்ப்பு நியாயமானது.

படாஸ்கர் 1957 முதல் 1965 வரை மத்தியப் பிரதேச ஆளுநராக இருந்தார். 1963இல் பத்ம விபூஷண் பெற்றார். பிற்காலத்தில் புனே பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றினார். கர்நாடகத்துடனான பெலகாவி எல்லைத் தகராறில் மகாராஷ்டிரத் தரப்பு அவருடைய கிராம அலகு முறையை இன்றும் எடுத்துக்காட்டுகிறது. 1960இல் செங்கல்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்த திருத்தணி, 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.