மகாவலிக் கரைக் கல்லூரி – 9: பம்பாயிலிருந்து வந்தவர்

சென்ற வாரம் கதையை 1960 நவம்பரின் கடைசி இரவில் நிறுத்தியிருந்தேன். சட்டம் நிறைவேறிவிட்டது. விடிந்தால் டிசம்பர் 1. அரசிடம் உதவிப் பணம் பெறும் பாடசாலைகளின் முகாமையாளர் இனி பாதிரியாரும் அல்ல, கன்னியாஸ்திரியும் அல்ல, கல்விப் பணிப்பாளர். 1854இல் சில்வெஸ்திரின் பெனடிக்டைன் துறவிகள் கண்டி நகரில் தொடங்கி, பிறகு கட்டுகஸ்தோட்டையில் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்த புனித அந்தோனியார் கல்லூரியின் கதி என்ன? ஜூன் 13 அந்தோனியார் திருநாளும், திரித்துவக் கல்லூரியோடு 1914 முதல் ஆடிவரும் பிக் மேட்ச்சும் இனி யார் உத்தரவில் நடக்கும்?

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் கண்டிக்காரர்களுக்கு அந்நியர் அல்ல. பதியுதீன் மஹ்மூத், பக்கத்துக் கம்பளையில் சாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவோ கொழும்பு புனித பிரிஜெட் கன்னியர் மடத்தில் படித்தவர். கத்தோலிக்கப் பாடசாலை எப்படி நடக்கும் என்பதை உள்ளேயிருந்தே பார்த்தவர்தான் அதைக் கையில் எடுக்கவும் துணிந்தார்.

அரசின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்த பிறகு ஆசிரியர் சம்பளம் பொதுப் பணத்திலிருந்து போயிற்று. நியமனமும் நிர்வாகமும் மட்டும் மிஷன்களின் கையில் இருந்தன. பௌத்தர் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் இது எத்தனை நாள் நீடிக்கும்? திருச்சபை இந்தக் கேள்விக்கு நேரே பதில் சொல்லவில்லை என்பது என் எண்ணம். பெற்றோரின் உரிமை என்ற வேறொரு கேள்விக்குத்தான் அது பதில் சொன்னது. அந்தக் கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

சட்டம் பெரிய பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருந்தது. விரும்பினால் தனியாராகவே இருக்கலாம். ஆனால் அரசுப் பணம் வராது, மாணவரிடம் கட்டணமும் வாங்கக் கூடாது. சம்பளத்துக்கு எங்கே போவது? நாடு முழுக்க மிகச் சில கல்லூரிகளே அந்த வாசலில் நுழையத் துணிந்தன. கிராமத்துச் சிறு பாடசாலைகளுக்கு அந்த வாசலே கிடையாது.

அடுத்து நடந்ததை மஹ்மூத் எதிர்பார்த்திருக்க மாட்டார். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரை மேற்குக் கரையோரக் கத்தோலிக்கர்கள் பாடசாலைகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். தாய்மார் அங்கேயே சமைத்தார்கள், இரவில் அங்கேயே படுத்தார்கள். அரசு அடுத்த சட்டத்தைத் தயாரித்தது. இம்முறை இலக்கு நிர்வாகம் அல்ல, நிலமும் கட்டடமும். இழப்பீடும் இல்லை. கண்டி ஆயர் லியோ நாணயக்கார பதவிக்கு வந்து அதிக காலமாகவில்லை. அவரும் ஒரு சில்வெஸ்திரின் துறவி, தன் சபை வளர்த்த கல்லூரியின் தலைவிதி அவர் கண்முன் இருந்தது. கொழும்பில் பேராயர் தோமஸ் குரே அரசோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பொலிஸ் உள்ளே நுழைந்தால் ரத்தம் சிந்தும் என்ற நிலை.

1961 ஜனவரியில் பம்பாயிலிருந்து ஒருவர் கொழும்புக்கு வந்து இறங்கினார்.

கர்தினால் வலேரியன் கிரேசியஸ், இந்தியாவின் முதல் கர்தினால். இலங்கைச் சண்டைக்குள் அவர் ஏன் வர வேண்டும்? காரணத்தைத் தேட நாம் கண்டிக்கே திரும்ப வேண்டும், அம்பிட்டிய மேட்டுக்கு. பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் 1893இல் இந்தியா, இலங்கை இரண்டுக்குமாக அங்கே ஒரு குருமடம் நிறுவினார். பெல்ஜிய இயேசு சபையினர் அதை நடத்தினார்கள். இந்தியாவின் மீட்புக்கு அதன் சொந்தப் பிள்ளைகளே பணிசெய்வார்கள் என்ற கருத்தைத் தன் நினைவுப் பதக்கத்தில் பொறித்தார் பாப்பரசர். தமிழ்நாடு, கேரளம், கொங்கணம் என்று பல திசைகளிலிருந்தும் இளைஞர்கள் கடல் தாண்டி இங்கே வந்து படித்தார்கள். அவர்களில் ஒருவர்தான் கிரேசியஸ், 1926இல் குருவானார். 1955இல் குருமடம் பூனாவுக்குப் போய்விட்டது. கட்டடங்கள் இலங்கையின் தேசியக் குருமடத்துக்கு வந்தன. ஆக, வந்தவர் வெளியூர்ப் பெரிய மனிதர் அல்ல. கண்டிக் குளிரில் லத்தீன் படித்த பழைய மாணவர்.

அவர் பிரதமரோடும் ஆயர்களோடும் பேசினார். பெற்றோர் பாடசாலைகளை விட்டு வெளியேறினார்கள். ரத்தம் சிந்தவில்லை. ஆனால் திருச்சபை தன் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை இழந்தது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் சொத்துகளையும் எடுத்துக்கொண்டது. சமரசம் என்று சொல்லலாம், கௌரவமான தோல்வி என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். (மறு ஆண்டு ஜனவரியில் ராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்து அகப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அது தனிக் கதை.)

கட்டுகஸ்தோட்டையில் துறவிகள் கல்லூரியைக் கைவிடவில்லை. இருபது ஆண்டுகள் கழித்தும் அதை நடத்தியவர்கள் பெனடிக்டைன்களே.

இந்த ஆரவாரத்தில் ஒரு கூட்டத்தை இரு தரப்பாரும் மறந்தே போனார்கள். கண்டியைச் சுற்றிய மலைகளில் கொழுந்து பறித்த தமிழர்களின் பிள்ளைகள். இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1960இல் அரசு ஆயிரக்கணக்கில் பாடசாலைகளை எடுத்தபோதும் அவற்றைச் சீந்தவில்லை. துரையின் தயவில் ஒற்றை அறையும் ஒற்றை ஆசிரியருமாக அவை கிடந்தன. அரசின் கண் அவற்றின் மேல் பட 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யாருடைய பாடசாலை என்று நாடே அடித்துக்கொண்ட மாதங்களில், பாடசாலையே இல்லாதவர்களைப் பற்றி எந்த மேடையில் யார் பேசினார்கள்?

அந்தத் தோட்டங்களில் ஒன்றுக்கு 1920இல் தமிழ்நாட்டிலிருந்து ஒரு கூலித் தொழிலாளி வந்தார். கடைசிக் காலத்தில் அவர் இந்தியாவுக்கே திரும்பிவிட்டார். மகன் கண்டியில் தங்கி, குண்டசாலைப் பக்கம் பிஸ்கட் தொழிற்சாலை வைத்தார். 1977 ஆகஸ்டில் கலவரக் கும்பல் அந்தத் தொழிற்சாலைக்குத் தீ வைத்தது. உரிமையாளரின் மூத்த பையனுக்கு அப்போது வயது 5. நான்கு ஆண்டுகள் கழித்து அவன் அந்தோனியார் கல்லூரியில் சேர்ந்தான். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த அவனை ஒரு பயிற்சியாளர் சுழற்பந்துக்கு மாற்றினார். 2007 டிசம்பரில் அவன் டெஸ்ட் உலகச் சாதனையை முறியடித்தது அஸ்கிரிய மைதானத்தில். அது பரம எதிராளியான திரித்துவக் கல்லூரியின் மைதானம்!

முத்தையா முரளிதரனின் கதையை அடுத்த வாரம் அந்தத் தீயிலிருந்தே தொடங்குகிறேன். அன்று அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது யார் என்பதை அதுவரை ஊகித்து வையுங்கள்.